பாக்டீரியாவின் பேச்சை எங்கே மறிப்பது? ஆய்வில் இறங்குவோர் முன் இருக்கும் வழிகள்

ஜூலை பிறந்ததும் எங்கள் துறையில் முதுகலை இரண்டாமாண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டு அறைவாசலில் நிற்கத் தொடங்குவார்கள். அவர்களில் சிலர் கையில் கட்டாயம் ஊதாத் தட்டுக் கட்டுரை ஒன்று இருக்கும். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியாவை அகர் தட்டில் வளர்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் படரும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தங்களுக்குள் சேதி சொல்லிக்கொண்ட பிறகே அவை அந்த நிறத்தைத் தயாரிக்கும். தட்டில் குழி வெட்டி ஏதாவது ஒரு செடிச்சாற்றை விட்டு, குழியைச் சுற்றி ஊதா மறைந்தால், சாறு அந்தச் சேதியைத் தடுத்தது என்று எழுதலாம். செலவு குறைவு, படம் அழகாக வரும், மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

இந்த ஆண்டு வந்த ஒரு மாணவி அதே கட்டுரையைத்தான் நீட்டினாள். ஆனால் கேள்வி வேறாக இருந்தது. "மேடம், ஊதா போனா மனுஷனுக்கு என்ன ஆகும்? இதுல எந்த வழி நிஜமா ஒரு நோயாளி வரைக்கும் போய்ச் சேரும்? அதைச் சொல்லுங்க, அதுல இறங்குறேன்." அவள் அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். எட்டு மாதமாக ஆறவில்லை. அவளிடம் அன்று பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேதி என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். கோரம் சேராவிட்டால் ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போட முடியாது. கிராம சபைக்கு அதைக் குறைவெண் வரம்பு என்பார்கள். பாக்டீரியாவும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தனித்திருந்தால் அது கரைந்து போய்விடும். கூட்டம் நெருங்க நெருங்கச் சுற்றிலும் தேங்கும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் மரபணுக்களை மாற்றி இயக்கும். நிமோனியா தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் ஹார்மோன் போன்ற ஒரு பொருள் இப்படி வேலை செய்வதை அலெக்சாண்டர் தோமாஸ் 1965இல் எழுதினார். கடலில் ஒளிரும் பாக்டீரியாவில் இதே நடப்பதை நீல்சன், ஹேஸ்டிங்ஸ் குழு 1970இல் காட்டியது. 'குவோரம் சென்சிங்' என்ற பெயர் வந்தது 1994இல்.

மொழி ஒன்றல்ல. சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் (கிராம் சாயம் பிடிக்காத) கிருமிகள் பலவும் அசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்ற மூலக்கூறால் பேசுகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (அந்தச் சாயம் பிடிக்கும்) கிருமிகளுக்குச் சிறு பெப்டைடுகள்தான் மொழி. இரு தரப்பிலும் பல இனங்களுக்குப் பொதுவாக ஆட்டோஇண்ட்யூசர்-2 என்று ஒன்று உண்டு. விப்ரியோ ஹார்வேயி அதை உணரும் வடிவத்தில் போரான் அணு ஒன்று உட்கார்ந்திருப்பதை 2002இல் கண்டார்கள். உயிர் மூலக்கூறுகளில் போரான் வருவது மிக அபூர்வம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பேச்சை மறித்தால் கிருமி சாகாது, அதன் கேடு மட்டும் குறையும். சாகாததால் எதிர்ப்புத்திறன் வளர்வதும் மெதுவாகும். இதுதான் இந்தத் துறையின் பெரிய நம்பிக்கை. நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: சேதி கேட்டதும் இந்தக் கிருமி என்ன செய்கிறது, நாம் எந்தக் கட்டத்தில் குறுக்கே போகிறோம்?

காலரா கிருமியைப் பாருங்கள். விப்ரியோ காலரே குறைவாக இருக்கும்போதுதான் குடலில் ஒட்டும், நச்சைக் கொட்டும். கூட்டம் பெருகிவிட்டது என்ற சேதி கேட்டதும் நச்சை நிறுத்திவிட்டு, ஒட்டிய இடத்திலிருந்து கழன்று வெளியேறத் தயாராகும். இங்கே பேச்சை மறிப்பவர் நோயாளிக்குக் கெடுதல் செய்வார். சேதியை அதிகமாக்குவதே மருந்து.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இதற்கு நேர்மாறு. ஏஜிஆர் என்று நாங்கள் சொல்லும் பெப்டைடு அமைப்பு முடுக்கப்பட்டதும் நச்சுகள் வெளியே வரும். தோலில் சீழ்க்கட்டி வரும் கட்டத்தில் அதை அணைத்தால் நன்மை. ஆனால் அதே ஏஜிஆர்தான் கிருமி பயோஃபிலிம் என்ற வழவழப்புப் படலத்திலிருந்து கழன்று வரவும் உதவுகிறது. செயற்கை மூட்டிலோ இதய வால்விலோ படலம் படிந்த பிறகு ஏஜிஆரை அணைத்தால் படலம் இன்னும் கெட்டிப்படலாம். இரத்தத்தில் நாள் கணக்காக விடாமல் நீடிக்கும் தொற்றுகளில் ஏஜிஆர் செயலிழந்த கிருமிகள் அதிகம் காணப்படுகின்றன. அவற்றை ஊமையாக்க நாம் தேவையே இல்லை.

சூடோமோனாஸ் ஏருஜினோசாவிலும் இதே சிக்கல். தொடக்கத்தில் அதன் நச்சுகளும் நொதிகளும் சேதி கேட்டே கிளம்புகின்றன. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டிப்பட்டு நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோய்) நோயாளிகளின் நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கிய சூடோமோனாஸை எடுத்துப் பார்த்தால், லாஸ்-ஆர் என்ற கேட்கும் புரதம் உடைந்த வகைகள் நிறைய வரும். செவிடாகிப்போன ஒன்றின் முன்னால் பேச்சை மறித்து என்ன பயன்?

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

பூண்டும் மஞ்சளும் ஊதாத் தட்டும்

நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான். நான் இதை இழிவாக நினைப்பவள் அல்ல. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உண்ணும் காய் கனிகளையும் மஞ்சளின் குர்குமினையும் இந்த நோக்கில் ஒழுங்காகச் சோதித்து வெளியிட்டது. அந்தக் கட்டுரைகளை வாசித்துத்தான் எங்கள் பிள்ளைகளில் பலர் இந்தத் துறைக்குள் வந்தார்கள்.

குறை எங்கே என்றால், தட்டுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரத்தில். பூண்டுதான் இதற்குச் சரியான சாட்சி. பூண்டுச்சாறு சூடோமோனாஸின் பேச்சைத் தடுப்பதும், அதில் உள்ள அஜோயீன் அந்த வேலையைச் செய்வதும் ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்தவை. எலியிலும் பலன் இருந்தது. பிரிட்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு 8 வாரம் தினமும் பூண்டு எண்ணெய்க் குப்பி (காப்ஸ்யூல்) கொடுத்து, பூண்டு இல்லாத வெற்றுக் குப்பியோடு ஒப்பிட்ட சிறு சோதனையின் முடிவு 2010இல் வந்தது. கணக்கில் வந்தவர்கள் 26 பேர். நுரையீரல் திறனில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. வயிற்றில் போன பூண்டு, நுரையீரலில் கிருமி இருக்கும் மூலைக்குத் தேவையான அளவில் போய்ச் சேர வேண்டும். தட்டில் குழிக்குள் விடும்போது அந்தப் பயணம் கிடையாது.

இன்னொரு கோளாறு எங்கள் ஆய்வகத்திலேயே நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் தட்டில் ஊதா அழகாக மறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வளர்ச்சிக் கோட்டை வரைந்து பார்த்தபோது, சாற்றின் அந்தச் செறிவில் பாக்டீரியாவே பாதிதான் வளர்ந்திருந்தது. பேச்சு நின்றதால் நிறம் போகவில்லை. பேச ஆள் குறைந்ததால் போயிற்று. தட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் நான்தான் வளர்ச்சிக் கோட்டைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அது இல்லாமல் எந்த ஊதாத் தட்டையும் நான் ஏற்பதில்லை.

மூன்று மாதத்தில் கை பழக இது நல்ல வழி. நோயாளி வரை போக வேண்டும் என்பவருக்கு இது முதல் படிக்கட்டு மட்டுமே.

செயற்கைத் தடுப்பு மூலக்கூறுகள்

ஆஸ்திரேலியக் கடலோரத்தில் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசி வளர்கிறது. அதன் மேல் பாக்டீரியா படலம் அவ்வளவாகப் படிவதில்லை. பாசி சுரக்கும் ஹாலஜன் ஏறிய ஃபியூரனோன்கள் பாக்டீரியாவின் லாக்டோன் பேச்சில் குறுக்கிடுவதை 1990களில் கண்டார்கள். அதை மாதிரியாக வைத்துச் செய்த சி-30 என்ற மூலக்கூறு 2003இல் எலியின் நுரையீரலில் சூடோமோனாஸைக் குறைத்தது. ஆனால் இந்த வகைச் சேர்மங்கள் மனித உடலுக்குள் விடும்படி சாதுவானவை அல்ல. அத்தோடு, சி-30ஐ வெளியே தள்ளிவிடும் சூடோமோனாஸ் வகைகள் 2012இல் கண்டறியப்பட்டன. 'எதிர்ப்பே வளராது' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஆய்வை ஒருமுறை வாசிக்க வேண்டும். வேதியியல் துறையின் துணையும் நீண்ட காலமும் பணமும் இருப்பவர்களுக்கு உரிய வழி இது. எங்களைப் போன்ற கல்லூரிக்கு அல்ல.

ஏற்கெனவே கடையில் இருக்கும் அசித்ரோமைசின்

மருந்து தயார், அளவு தெரியும், பக்க விளைவும் தெரியும். எனவே கேட்டவுடன் இதுதான் சிறந்தது என்று தோன்றும். வழக்கமான அளவில் அசித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்வதில்லை. ஆனால் பேச்சு மூலக்கூறுகள் உருவாவதைக் குறைக்கிறது. 2003இல் அமெரிக்காவில் சூடோமோனாஸ் தங்கிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் 185 பேரிடம் 168 நாள் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களின் மூச்சுத்திறன் சராசரியாக 4.4 சதவீதம் கூடியது, எடுக்காதவர்களுக்கு 1.8 சதவீதம் குறைந்தது. இந்தத் துறையில் மனிதரிடம் இவ்வளவு தெளிவாகக் கிடைத்த பலன்கள் குறைவு.

ஆனால் அந்தப் பலன் பேச்சு மறிக்கப்பட்டதால்தான் வந்ததா? அசித்ரோமைசினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை போதாது.

அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2010இல் வந்த ஓர் ஆய்வு. மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் சூடோமோனாஸ் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். மருந்து கொடுக்காதவர்களிடம், சேதி கேட்காமல் பிறர் உழைப்பில் வாழும் செவிட்டு வகைகள் மெல்ல மெல்லப் பெருகின. பிறர் தயாரிக்கும் நொதிகளால் கிடைக்கும் உணவை இவை செலவில்லாமல் எடுத்துக்கொள்ளும், அதனால் போட்டியில் முந்தும். அவற்றின் கேடும் குறைவு. அசித்ரோமைசின் கொடுத்தவர்களிடம் இந்த மாற்றம் நடக்கவில்லை. எல்லோரும் ஊமையாக இருக்கும் இடத்தில் ஏமாற்றுபவருக்குத் தனி லாபம் ஏது? முழுக் கேடும் கொண்ட மூல வகையே நிலைத்து நின்றது. மருந்தை நிறுத்திய பிறகு அந்த நோயாளியின் நுரையீரலில் இருக்கப்போவது எது என்பதை எண்ணிப் பார்த்தால், இது சின்னக் கவலை அல்ல. போதாததற்கு, சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டு இல்லாமலே வாங்கி விழுங்கப்படும் மருந்து இது. அதை இன்னொரு வேலைக்கும் நீட்டினால் மற்ற கிருமிகள் அதைத் தாங்கப் பழகும் வேகம் கூடும்.

சேதியை வெட்டும் நொதிகள்

இந்த வழியின் அழகு என்னவென்றால், நம் உடம்பே இதைச் செய்கிறது. பாராக்சோனேஸ் என்ற நொதிக் குடும்பம் மனிதரிடம் உண்டு. அதில் பான்-1 பூச்சிமருந்து நஞ்சை உடைப்பதற்காக முதலில் அறியப்பட்டது. அதே குடும்பத்தின் பான்-2 சூடோமோனாஸின் நீண்ட லாக்டோனை வெட்டிவிடுகிறது. மூச்சுக்குழாயின் செல்கள் இந்தச் சேதியைச் செயலிழக்கச் செய்வதை 2004இல் காட்டினார்கள். இன்னும் வியப்பு, நாம் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கவும் செய்கிறோம். மரபியல் வகுப்பில் பிடிசி தாளை நாக்கில் வைத்துக் கசக்கிறதா இல்லையா என்று பார்ப்போமே, அந்தக் கசப்பை உணரும் டி2ஆர்38 என்ற ஏற்பி மூக்கின் உட்சுவரிலும் இருக்கிறது. அங்கே அது சூடோமோனாஸின் லாக்டோனை உணர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். நுண்மயிர்கள் வேகமாக அசைந்து கிருமியை வெளியே தள்ளும். 2012இல் வந்த அந்த ஆய்வின்படி, இந்த ஏற்பி சரியாக வேலை செய்யாதவர்களின் மூக்குப் புழைகளில் கிராம்-நெகட்டிவ் தொற்று கூடுதலாக இருந்தது. தாள் கசக்காத பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் மாறுவார்கள். ஒரு ஏற்பியை வைத்து யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை என்று உடனே சொல்லிவிடுவேன்.

மருத்துவத்தில் இந்த நொதிகளை ஊசியாகப் போடுவதைவிடக் கருவிகளின் மேல் பூசுவது நடக்கக்கூடியது. நோயாளிகளிடமிருந்து எடுத்த சிறுநீர் வடிகுழாய்களின் படலத்தில் லாக்டோன் சேதிகள் இருப்பது 1998இலேயே தெரிந்தது. ஸ்பெயினில் ஒரு குழு அசைலேஸ், அமைலேஸ் நொதிகளை அடுக்கடுக்காகப் பூசிய வடிகுழாயை முயலில் வைத்துப் பார்த்தபோது, படலம் 7 நாள் வரை தள்ளிப்போனது. ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் அல்ல. அறுவை சிகிச்சை முடிந்து சில நாளில் குழாயை எடுத்துவிடும் நோயாளிக்கு அதுவே போதும்.

குறை உண்டு. சிறுநீர்த் தொற்றில் முதலிடம் வகிக்கும் ஈ.கோலை இந்த லாக்டோனைத் தயாரிப்பதே இல்லை. பிறர் பேசினால் கேட்கும், அவ்வளவுதான். ஸ்டெஃபைலோகாக்கஸின் பெப்டைடு மொழியையும் இந்த நொதி தொடாது. அதனால் பூச்சு எந்தக் கிருமிக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டே இறங்க வேண்டும்.

நல்ல பாக்டீரியாவை அனுப்புவது

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இதுதான். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நம்மில் பலரின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமி. இரத்தத்தில் இந்தத் தொற்று வந்த 219 பேரை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது, 180 பேரின் மூக்கில் இருந்ததும் இரத்தத்தில் இருந்ததும் ஒரே வகையாக இருந்தன. அந்த முடிவு 2001இல் வெளியானது. அதாவது எதிரி வெளியிலிருந்து வரவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவன்தான் உள்ளே நுழைந்தான். எனவே வாசலிலிருந்து அவனை அகற்றினால் பாதி வேலை முடிந்தது.

தாய்லாந்தின் கிராமங்களில் நலமாக இருந்த 200 பேரின் மலத்தையும் மூக்குத் துடைப்பையும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஓட்டோவின் குழுவும் தாய்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. 101 பேரின் மலத்தில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா இருந்தது. அந்த 101 பேரில் ஒருவரிடம்கூட, குடலிலும் மூக்கிலும், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் ஃபெஞ்சைசின் என்ற கொழுப்புப் பெப்டைடு ஏஜிஆர் பேச்சை மறிக்கிறது. குடலில் ஒட்டிக்கொள்ள ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு அந்தப் பேச்சு வேண்டும். பேச முடியாதபோது அது குடியேற முடியவில்லை. எலிக்குப் பேசில்லஸ் வித்துகளைக் கொடுத்தபோதும் கிருமி குடலிலிருந்து போய்விட்டது.

அங்கேயே நிற்காமல் மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்லாந்தில் ஸ்டெஃபைலோகாக்கஸைச் சுமந்த, ஆனால் நோயில்லாத 115 பேர், 30 நாள், தினமும் பேசில்லஸ் சப்டிலிஸ் குப்பி அல்லது வெற்றுக் குப்பி. 2023இல் வெளியான முடிவின்படி பேசில்லஸ் எடுத்தவர்களின் மலத்தில் கிருமி 96.8 சதவீதமும் மூக்கில் 65.4 சதவீதமும் குறைந்தது. வாயால் விழுங்கிய குப்பி மூக்கு வரை எட்டியது என்பதை முதன்முதலில் வாசித்தபோது மறுபடியும் வாசித்தேன். குடல்தான் அந்தக் கிருமியின் பெரிய கிடங்கு, மூக்கு அதன் கிளை என்று எண்ண இடம் தருகிறது இந்த முடிவு.

இதற்கும் எல்லை உண்டு. அந்த 115 பேரும் நலமானவர்கள். கிருமி குறைந்தது, ஆனால் அதனால் பின்னாளில் தொற்று குறைந்ததா என்பதைக் காட்டும் சோதனை அல்ல அது. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளிக்கு உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். கடையில் கிடைக்கும் எந்தப் புரோபயாட்டிக்கும் இதைச் செய்யும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்த வகை பாக்டீரியா, அந்த மூலக்கூறு என்பதால்தான் இந்தப் பலன்.

காலராவிலும் இதே வழி, ஆனால் தலைகீழாக. ஈ.கோலை நிசில் 1917 என்ற சாதுவான வகையைக் காலராவின் சொந்தச் சேதியைச் சுரக்கும்படி மாற்றி எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். காலரா கிருமி உள்ளே போவதற்கு 8 மணி நேரம் முன்பே கொடுத்தபோது பிழைத்த குஞ்சுகள் வெகுவாகக் கூடின. கூட்டம் சேர்ந்துவிட்டது என்று ஏமாந்து, கிருமி நச்சை அடக்கிக்கொண்டது. டாக்காவில் காலராவிலிருந்து மீண்டவர்களின் குடலை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், ரூமினோகாக்கஸ் ஒபியம் என்ற குடல்வாசி ஆட்டோஇண்ட்யூசர்-2 வழியாகக் காலரா கிருமியைக் கட்டுப்படுத்துவது தெரிந்தது. நம் குடலில் ஏற்கெனவே இப்படி ஒரு காவல் இருக்கிறது.

அப்படியானால் எதை எடுப்பது?

மாணவியின் அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிட்டேன். எட்டு மாதப் புண்ணில் படலம் கெட்டிப்பட்டிருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸும் சூடோமோனாஸும் கலந்தே இருக்கக்கூடும். பேச்சை மறிக்கும் எந்த வழியும் அங்கே இன்று சிகிச்சை அல்ல. இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, செத்த தசையை வெட்டி எடுப்பது, காலுக்குப் பாரம் கொடுக்காமல் வைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, கல்ச்சர் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பது, இவையே. பூண்டு தின்பதாகச் சொல்லி மருந்தை நிறுத்திவிடாதபடி அவரைப் பார்த்துக்கொள் என்றேன். "அப்பா ஏற்கெனவே நிறுத்திட்டார் மேடம்" என்றாள். அன்று மாலையே அவளை ஊருக்கு அனுப்பினேன்.

ஆய்வு என்று வரும்போது என் தேர்வு தெளிவு. படலம் ஊன்றிய பிறகு பேச்சை மறிப்பதில் பலன் நிச்சயமில்லை, சில சமயம் கேடு. கிருமி குடியேறும் முன், வாசலில் மறிப்பதுதான் வேலை செய்கிறது. மனிதரிடம் அந்த இடத்தில் காட்டப்பட்டது பேசில்லஸ் வழி. எனவே அதை முதலில் வைக்கிறேன். மருத்துவக் கல்லூரியோடு தொடர்பும் பொருட்களுக்குக் கொஞ்சம் பணமும் இருந்தால் வடிகுழாய்ப் பூச்சு இரண்டாவது. அசித்ரோமைசினை நுரையீரல் மருத்துவர்கள் கையிலேயே விட்டுவிடலாம். மூன்று மாதமும் ஒரு இன்குபேட்டரும் மட்டுமே உள்ள பிள்ளைக்கு ஊதாத் தட்டு போதும், ஆனால் வளர்ச்சிக் கோட்டோடும், சாற்றில் வேலை செய்யும் பொருள் எது என்று பிரித்துப் பார்க்கும் முயற்சியோடும்.

பத்து நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். அப்பாவுக்கு மறுபடி மருந்து தொடங்கியிருக்கிறார்கள், புண்ணைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கையில் இந்த முறை கட்டுரை இல்லை. ஒரு தாளில் கேள்வி எழுதி வந்திருந்தாள். தாய்லாந்துக் கிராமங்களில் கண்ட அந்த உறவு எங்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறதா? மூக்குத் துடைப்பும் மல மாதிரியும் 60 பேரிடம் எடுத்தால், பேசில்லஸ் உள்ளவரிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் இல்லாமல் இருக்குமா? மனித மாதிரி என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். படிவம் 14 பக்கம். சம்மதக் கடிதத்தைத் தமிழில் எழுதும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "மலம் எதுக்குன்னு ஆச்சிங்க கேட்பாங்க, அவங்களுக்குப் புரியணும்ல" என்றாள்.